கையில் பணமாகவே கொடுத்தால் என்ன ஆகும்?

கேள்வி: கென்யாவில் ஒரு தொண்டு நிறுவனம் ஏழைக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் பணம் அனுப்புகிறது என்று படித்தேன். குடித்து அழித்துவிட மாட்டார்களா? உழைக்கும் எண்ணம் போய்விடாதா? ஊரில் விலைவாசி ஏறாதா? எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்த அம்மாவின் குடும்பத்துக்கு உதவ நினைக்கிறோம். அதை மாதாமாதம் கொடுப்பதா, மொத்தமாகக் கொடுப்பதா?

குடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டவற்றில் விடை தெளிவாகத் தெரிந்தது அதற்குத்தான். உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவான்ஸும் அன்னா போபோவாவும் லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய மூன்று பகுதிகளில் நடந்த 19 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பணம் கிடைத்த குடும்பங்களில் மது, புகையிலைச் செலவு கூடவில்லை. பல இடங்களில் சற்றுக் குறைந்திருந்தது. குடிகாரர்கள் அந்த ஊர்களில் இல்லாமல் இல்லை. பணம் வருவதற்கு முன்பும் குடித்தார்கள், பின்பும் குடித்தார்கள். பணம் வந்ததால் அந்தச் செலவு ஏறவில்லை என்பதே கண்டது. பத்து ஆண்டுகளாக இது தெரிந்த செய்தி. ஆனாலும் எந்தக் கூட்டத்தில் இதைப் பேசினாலும் முதலில் எழுகிற கை இதைத்தான் கேட்கிறது. மாதச் சம்பளம் வாங்குகிறவர் அதில் எவ்வளவைக் குடிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

சோம்பேறித்தனத்துக்கும் ஏறத்தாழ அதே பதில்தான். அபிஜித் பானர்ஜியும் அவருடைய சகாக்களும் ஆறு நாடுகளில் நடந்த ஏழு திட்டங்களின் தரவுகளை மறுபடி ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். பணம் பெற்றவர்கள் வேலை செய்வதைக் குறைத்ததாகச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் பணக்கார நாடுகளில் இது சற்று மாறுகிறது. அமெரிக்காவில் டெக்சாஸிலும் இல்லினாயிலும் 1,000 பேருக்கு மாதம் 1,000 டாலர் வீதம் மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 1.3 மணி நேரம் குறைவாக வேலை செய்தார்கள். ஒருவேளைச் சோற்றுக்கே கூலிக்குப் போகிறவர் கையில் பணம் வந்தால் செய்வது வேறு, அமெரிக்க நகரத்தில் வாடகைக்கு ஓடுகிறவர் செய்வது வேறு. ஒன்றின் முடிவை எடுத்து மற்றதன் மீது ஏற்றக் கூடாது.

இனி கென்யாவுக்கு வருகிறேன். நீங்கள் படித்தது கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த சில மாணவர்கள் 2008 வாக்கில் தொடங்கியது. அவர்களில் பால் நீஹாஸ் பின்னர் பேராசிரியரானார். இவரை மறுபடி சந்திப்போம், அதுவும் புதுச்சேரியில். கென்யா அவர்களுக்கு வாய்த்ததற்கு ஒரு காரணம் எம்-பெசா. சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த மொபைல் பணச் சேவை அது. வங்கிக் கணக்கு தேவையில்லை. சாதாரண பட்டன் போன் போதும். பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கிற முகவரிடம் போய்ப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். இடையில் கை வைக்க ஆள் இல்லை.

விக்டோரியா ஏரிக்கரையை ஒட்டிய சியாயா மாவட்டம்தான் இவர்களின் பெரிய களம். லுவோ மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. மக்காச்சோளம், சிறு விவசாயம், கொஞ்சம் கால்நடை. ஊருக்குள் போய் வீடு வீடாகக் கணக்கெடுப்பார்கள். தொடக்கத்தில் யார் ஏழை என்று கண்டுபிடிக்க வைத்திருந்த அளவுகோல் மிக எளிது: புல் வேய்ந்த கூரை இருந்தால் பணம் உண்டு, தகரக் கூரை இருந்தால் இல்லை. எட்டு மாத இடைவெளிக்குள் மூன்று தவணைகளில் ஒரு வீட்டுக்கு 87,000 ஷில்லிங் வரும். போன் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் 7,000, பிறகு இரண்டு முறை 40,000. அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 1,000 டாலர். அந்தக் குடும்பங்களின் ஓராண்டுச் செலவில் முக்கால் பங்கு. என்ன செய்தீர்கள் என்று கணக்குக் கேட்கமாட்டார்கள். திருப்பித் தரவும் வேண்டாம்.

அதற்கு முன்பே, 2011-12-இல், அதே பகுதியிலுள்ள ராரியெடாவில் யோஹானஸ் ஹாஸ்ஹோஃபரும் ஜெரமி ஷாப்பிரோவும் ஒரு சோதனை செய்திருந்தார்கள். சிலருக்கு மாதாமாதமும் சிலருக்கு மொத்தமாகவும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கலே தீர்மானித்தது. மாதாமாதம் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாடு மேம்பட்டது. மொத்தமாக வாங்கியவர்கள் கூரைக்குத் தகரம் போட்டார்கள், மாடு வாங்கினார்கள். கூரையை ஆடம்பரம் என்று நினைத்துவிட வேண்டாம். புல் கூரையை அடிக்கடி பிரித்து வேய வேண்டும், மழைக்காலத்தில் ஒழுகும், ஒவ்வொரு முறையும் காசு. தகரம் போட்டால் அந்தச் செலவு பல ஆண்டுகளுக்கு இல்லை. இதை அந்த வீட்டுக்காரர் என்றோ கணக்குப் போட்டு வைத்திருப்பார். கையில் மொத்தமாகப் பணம் சேராததால்தான் ஆண்டுக்கு ஆண்டு புல்லுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். ஏழைக்கு விவரம் போதாது, பயிற்சி கொடுத்தால் முன்னேறிவிடுவார் என்ற நம்பிக்கையில் நடக்கிற எத்தனையோ பட்டறைகளை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தேநீர், பிஸ்கட், கோப்பு, பேனா, அரங்க வாடகை, பயிற்றுநருக்குப் பயணப்படி எல்லாம் போக, அந்தச் செலவை வந்திருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் பாதிப் பேர் வீட்டில் கூரை மாறியிருக்கும்.

அடுத்து விலைவாசி. உங்கள் கேள்விகளில் மிகவும் நியாயமானது இதுதான். ஊரில் பாதிப் பேர் கையில் திடீரென்று பணம் புரண்டால் பொருளின் விலை ஏறத்தானே வேண்டும்? இதைக் கண்டறியவே சியாயாவில் 653 கிராமங்களை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ பாதிக் கிராமங்களில் 10,500 குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தார்கள். எட்வர்ட் மிகெல், டென்னிஸ் எக்கர், நீஹாஸ் முதலானோர் நடத்திய ஆய்வு. உள்ளே வந்த பணம் அந்தப் பகுதியின் ஓராண்டு உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 15 விழுக்காடு. சந்தை சந்தையாகப் போய் விலை எழுதினார்கள். சராசரி விலையேற்றம் 0.1 விழுக்காடு. இல்லை என்றே சொல்லிவிடலாம்.

எங்கே போயிற்று அந்தப் பணம்? பணம் வாங்கியவர் மாவு மில்லுக்குக் கூடுதலாக மக்காச்சோளம் கொண்டுபோகிறார், துணி தைக்கக் கொடுக்கிறார், கொத்தனாரைக் கூப்பிடுகிறார். மில்லில் இயந்திரம் பாதி நாள் சும்மா நின்றுகொண்டிருந்தது. தையற்காரர் வாடிக்கையாளருக்காகக் காத்திருந்தார். வேலை கூடியபோது விலையை ஏற்றாமலேயே அவர்களால் சமாளிக்க முடிந்தது. மில்காரர் கையில் வந்த காசு அடுத்து மளிகைக் கடைக்குப் போகிறது, அங்கிருந்து மீன்காரியிடம். இப்படிச் சுற்றியதில், உள்ளே வந்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரத்தின் மொத்த வருமானம் ஏறத்தாழ இரண்டரை டாலர் கூடியது என்று கணக்கிட்டார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பணம் பெறாத குடும்பங்களின் செலவும் 13 விழுக்காடு அதிகரித்திருந்தது. அதாவது பெற்றவர்களுக்குக் கிடைத்த அளவுக்கு அவர்களுக்கும் பலன் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு எல்லா ஊரிலும் இப்படித்தான் ஆகும் என்று கிளம்பிவிடக் கூடாது. சியாயாவில் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன, ஏராளமான சிறு தொழில்கள் போதிய வாடிக்கையாளர் இன்றிக் கிடந்தன. பிலிப்பைன்ஸில் நிலைமை வேறாக இருந்தது. பன்டாவித் என்ற அரசுத் திட்டம் நடந்த மிக ஏழ்மையான, சந்தையிலிருந்து தள்ளியிருந்த கிராமங்களில் பெரும்பாலானோருக்குப் பணம் வந்தது. முட்டை மாதிரிச் சீக்கிரம் கெட்டுப்போகிற பொருள்களை வெளியிலிருந்து கொண்டுவருவது கடினம். விலை ஏறியது. பணம் பெறாத வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சி அதனால் பாதிக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, சரக்கு வந்து சேரும் ஊரில்தான் பணத்துக்குப் பயன். வராத ஊரில் சரக்கையே கொடுப்பது மேல்.

சியாயாவிலிருந்து 2025-இல் வந்த இன்னொரு முடிவு என்னை உலுக்கிவிட்டது. அதே கிராமங்களில் பிறப்பு, இறப்புக் கணக்கைத் தொகுத்தார்கள். பணம் பெற்ற வீடுகளில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 48 விழுக்காடு குறைந்திருந்தது. தடுப்பூசி கொடுக்கவில்லை, மருந்து கொடுக்கவில்லை, பணம் மட்டும்தான். பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் பணம் கைக்கு வந்த வீடுகளில்தான் இந்தப் பலன் மிகுதி. அந்தப் பெண்கள் நிறைமாதத்தில் வயலுக்கும் கூலிக்கும் போவது வெகுவாகக் குறைந்தது. மருத்துவமனையில் பிரசவம் கூடியது. ஆனால் மருத்துவர் இருக்கிற மருத்துவமனை பக்கத்தில் இருந்த ஊர்களில்தான் உயிர்கள் பிழைத்தன. தொலைவில் இருந்தவர்களுக்குப் பலன் குறைவு. பணம் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துக் கொடுக்கும், ஆஸ்பத்திரியைக் கட்டிக் கொடுக்காது. அரசு செய்ய வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டுப் பணமாக அனுப்பிவிட்டால் போதும் என்று பேசுகிறவர்கள் இந்த ஆய்வின் முதல் பாதியை மட்டுமே படித்திருக்கிறார்கள்.

சரி, மாதாமாதமா, மொத்தமா என்ற கேள்விக்கு நேரடியாகவே ஒரு சோதனை நடக்கிறது, அதுவும் கென்யாவில்தான். 2018 வாக்கில் சியாயா, பொமெட் மாவட்டங்களில் 295 கிராமங்களைக் குலுக்கல் போட்டுப் பிரித்தார்கள். 44 கிராமங்களில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் ஏறத்தாழ 22 டாலர், 12 ஆண்டுகளுக்கு. 80 கிராமங்களில் அதே தொகை, ஆனால் இரண்டே ஆண்டுகளுக்கு. 71 கிராமங்களில் ஏறத்தாழ 500 டாலர், ஒரே தடவையாக. மீதி நூறு கிராமங்களுக்கு ஒன்றும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டு ஆண்டு மாதத் தொகையும் மொத்தத் தொகையும் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

இதன் முதல் முடிவுகள் 2023-இல் வந்தன. புதிய தொழில் தொடங்குவதிலும் வருமானத்திலும் மொத்தமாக வாங்கியவர்கள், இரண்டு ஆண்டு மாதத் தொகை வாங்கியவர்களைவிட நன்றாக முன்னேறியிருந்தார்கள். இது ராரியெடாவை அறிந்தவர்களுக்கு வியப்பாக இருக்காது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்காரர்களும் முன்னேறியிருந்தார்கள். அவர்களும் வாங்குவது அதே சிறு மாதத் தொகைதான். அப்படியானால் எப்படி? அவர்கள் சீட்டுப் போட்டார்கள். கென்யாவில் அதைச் சாமா என்கிறார்கள். பத்து இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் ஒரு தொகையைப் போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் உள்ள ஏற்பாடு. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பணம் நிச்சயம் வரும் என்று தெரிந்ததால் துணிந்து சீட்டில் சேர்ந்தார்கள், மற்றவர்களும் நம்பிச் சேர்த்துக்கொண்டார்கள். சிறு தொகையை அவர்களே மொத்தத் தொகையாக மாற்றிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுக்காரர்களுக்கு அந்த நிச்சயமும் இல்லை, கையில் மொத்தமும் இல்லை. அவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நிம்மதியாக இருந்தார்கள். அது ஒன்றும் சிறியதல்ல. ஆனால் தொழிலில் பின்தங்கினார்கள்.

உலகெங்கும் அரசுகளும் தொண்டு அமைப்புகளும் தேர்ந்தெடுக்கிற வடிவம் பெரும்பாலும் இந்த நடுவழிதான்: சிறு தொகை, குறுகிய காலம், எப்போது நிற்கும் என்று தெரியாது. அப்படிக் கொடுத்துவிட்டு, ஏழைகள் பணத்தை முதலீடு செய்வதில்லை என்று குறையும் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. நிபந்தனை இல்லாத பணம் என்ற வகையில் இது கென்யச் சோதனையின் மாதத் தொகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த ஆயிரம் கேஸ் சிலிண்டருக்கும் மருந்துக்கும் போகும். சிலர் அப்படியே சீட்டில் கட்டுவார்கள். அது தொடர்ந்து வரும் என்ற நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் அந்தச் சீட்டு ஓடும். ஒவ்வொரு தேர்தலிலும் இது இருக்குமா, கூடுமா, நிற்குமா என்று பேச்சு எழுவது அந்த நம்பிக்கையை அரிக்கிறது. தொகையைக் கூட்டுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இன்னும் பத்து ஆண்டுகளுக்கு நிற்காது என்று சட்டமாக எழுதித் தருவதைப் பற்றி எவரும் பேசக் கேட்டதில்லை.

இப்போது புதுச்சேரி. 2015 செப்டம்பரில் அங்கே ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கியில் பணம் போடும் முறை வந்தது. அதைத் தொடர்ந்து கவனித்து அறிக்கை கொடுத்த ஆய்வாளர்களில் கார்த்திக் முரளிதரனோடு நம் பால் நீஹாஸும் ஒருவர். நேரடிப் பணத்தில் அவருக்கு இருக்கும் நம்பிக்கையைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் முதல் மாதங்களில் அவர்கள் கண்டது குழப்பம். கணக்கு எண் பொருந்தவில்லை, பணம் வந்ததா என்றே பலருக்குத் தெரியவில்லை, அதை எடுக்க வங்கிக்கு நடையாய் நடந்தார்கள். நாளாக ஆக நிலைமை சீரடைந்தது, பணத்தை விரும்புகிறவர்களும் கூடினார்கள். இருந்தும் ஊரில் அரிசிக்கான குரல் அடங்கவில்லை. மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024-இல் மறுபடி திறந்தன. ஒழுங்காக நடக்கும் ரேஷன் கடையைப் பிடுங்கிக்கொண்டு அந்த இடத்தில் பணத்தை வைப்பதும், ஒன்றும் இல்லாத இடத்தில் பணம் கொடுப்பதும் ஒன்றல்ல. கென்யாவில் சோதித்தது இரண்டாவதை. அரிசி விலை ஏறினாலும் ரேஷன் அரிசி இருபது கிலோ இருபது கிலோவாகவே இருக்கும். பணத்துக்கு அந்தக் குணம் கிடையாது.

கோளாறுகளையும் சொல்ல வேண்டும். பணம் கிடைக்காத அண்டை வீட்டாரின் மன நிறைவு குறைந்தது என்று ராரியெடா ஆய்விலேயே தெரிந்தது. புல் கூரை, தகரக் கூரை என்று ஊரைப் பிரித்தால் வேறென்ன நடக்கும்? பின்னர் கிவ்டைரக்ட்லி பல இடங்களில் ஊரில் உள்ள எல்லாருக்குமே கொடுக்கத் தொடங்கியது. சியாயாவுக்குப் பக்கத்து மாவட்டமான ஹோமா பேயில் 2015 வாக்கில் ஒரு வேடிக்கை நடந்தது. ஏறத்தாழ 45 விழுக்காட்டுக் குடும்பங்கள் பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டன. முன்பின் தெரியாதவர் சும்மா பணம் தருகிறார் என்றால் அது பேய் வழிபாட்டுக் கூட்டத்தின் வேலை என்று வதந்தி. எனக்கு அந்த மக்கள் மீது சிரிப்பு வரவில்லை. சும்மா பணம் தருவதாக எனக்கு வரும் குறுஞ்செய்திகளை நானும் நம்புவதில்லை. 2022-இல் காங்கோவின் தென் கிவு பகுதியில் நடந்தது இதைவிட மோசம். சண்டை நடக்கும் இடம் என்பதால், சிம் கார்டைத் தங்கள் ஊழியர்களே பதிவு செய்து கொடுக்கலாம் என்று வழக்கமான விதியைத் தளர்த்தினார்கள். ஊழியர்களில் சிலரே அதைப் பயன்படுத்தி ஏறத்தாழ ஒன்பது லட்சம் டாலரைச் சுருட்டிவிட்டார்கள். அமைப்பே 2023-இல் இதை வெளியிட்டது. இடையில் கை வைக்க ஆள் இல்லை என்று மேலே சொன்னேன். அந்த ஒரு ஏற்பாட்டைத் தளர்த்தியதும் கை நுழைந்துவிட்டது.

காலப்போக்கில் பலன் கரைவதும் உண்டு. வட உகாண்டாவில் 2008-இல் அரசு இளைஞர் குழுக்களுக்குத் தலைக்கு ஏறத்தாழ 380 டாலர் கொடுத்தது. தொழில் திட்டம் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும், ஆனால் அதன் பிறகு மேற்பார்வை இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து அவர்கள் வருமானம் மற்றவர்களைவிட 38 விழுக்காடு அதிகம். ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மற்றவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஒன்பது ஆண்டு முன்னதாக ஒருவன் நிமிர்ந்து நின்றதை எப்படிக் கழித்துவிட முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியாக, உங்கள் வீட்டில் வேலை பார்த்த அம்மாவின் விஷயம். முதலில் கடன் இருக்கிறதா என்று விசாரியுங்கள். எடுத்துக்காட்டாக அவர் 30,000 ரூபாய் ஐந்து வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். மாத வட்டியே 1,500. நீங்கள் மாதம் 1,500 கொடுத்தால் இருபது மாதத்தில் 30,000 கொடுத்திருப்பீர்கள், அத்தனையும் வட்டிக்காரர் கைக்குப் போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். அதே 30,000-ஐ இன்றைக்கே கொடுத்தால் கடன் முடிந்தது, அடுத்த மாதத்திலிருந்து அந்த 1,500 அவர் வீட்டிலேயே தங்கும். அடகில் நகை இருந்தாலும் இதே கணக்குத்தான், வட்டி மட்டும் குறைவு.

கடன் இல்லை, வயதாகிவிட்டது, வேலைக்குப் போக முடியவில்லை, மருந்துக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறி என்றால் மாதாமாதம் கொடுங்கள். எவ்வளவு, எந்தத் தேதியில், எத்தனை ஆண்டுகளுக்கு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், தேதி தவறாதீர்கள். தீபாவளிக்கு இரண்டாயிரம், பொங்கலுக்கு ஒரு புடவை, மனம் வந்தபோது ஐந்நூறு என்று கொடுப்பதை வைத்து அவரால் எதையும் திட்டமிட முடியாது.

முடிந்தவரை அவர் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள், மகன் கையிலோ மருமகன் கையிலோ வேண்டாம். மொத்தமாகக் கொடுப்பதானால் எதற்கு வேண்டும் என்று ஒருமுறை கேளுங்கள், அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். பேத்தியின் காதுகுத்துக்கு என்று சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். அந்தக் காதுகுத்தை அவர் கடன் வாங்கியாவது செய்யத்தான் போகிறார், அதுவும் ஐந்து வட்டிக்கு.